கோடைப் பனியும் இரும்புக் கூர்களும்

நம் மொழியில் ‘பனி’ என்னும் சொல் பல பொருள்களைத் தன்னுள் அடக்கி நிற்கிறது. மார்கழி விடியலில் புல்லின் நுனியில் திரண்டு நிற்கும் நீர்த்துளியும் பனியே. நீலகிரியில் வழியை மறைக்கும் வெண்மூட்டமும் பனியே. இமயத்தின் முடியில் ஆண்டு முழுதும் உறைந்து கிடப்பதும் பனியே. சமவெளியில் வாழும் நமக்கு இதனால் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. ஆனால் உயர்ந்த மலைகளின் இடையே ஆடு மேய்த்தும், வேட்டையாடியும், வாணிகப் பொதி சுமந்தும் வாழ்ந்த மக்களுக்கு நேற்றிரவு விழுந்த மென்பனி வேறு. சென்ற குளிர்காலத்தில் விழுந்து அடுக்கடுக்காக இறுகிய பழம்பனி வேறு. கண்ணாடி போல வழுக்கும் பனிக்கட்டி வேறு. ஒவ்வொன்றின்மீதும் கால் வைக்கும் முறையும் வேறு. அம்மக்கள் காலில் எதைக் கட்டிக்கொண்டு நடந்தனர் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பனியில் வழுக்கி விழும் இடர் குளிர்காலத்துக்கே உரியது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. குளிர்காலத்தில் கணவாய்கள் அடைபட்டுக் கிடக்கும்; பெரும்பாலோர் மேலே செல்வதில்லை. இளவேனில் முதிர்ந்து முதுவேனில் தொடங்கும் வைகாசி, ஆனித் திங்கள்களில் அடிவாரத்தில் பூ மலர்கிறது, புல் தழைக்கிறது, வெயில் சுடுகிறது. அதைக் கண்டு மனிதன் மேலே புறப்படுகிறான். ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஏறியதும், வடக்கு நோக்கிய சரிவுகளிலும் நிழல் படிந்த ஓடைப் பள்ளங்களிலும் குளிர்காலத்துப் பனி இன்னும் கரையாமல் கிடப்பதைக் காண்கிறான். பகலெல்லாம் வெயிலில் நெகிழ்ந்து நீர் கசிந்த அப்பனி, மேகமற்ற இரவில் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து மீண்டும் உறைகிறது. விடியலில் அது பளிங்குத் தளம் போல இறுகியிருக்கும். நண்பகலில் முழங்கால் வரை புதையும் சேறு போல ஆகிவிடும். பாதை முழுதும் காய்ந்த மண்ணாக இருக்க, இடையில் முப்பதடி அகலமுள்ள ஒரே ஒரு பனிப்பட்டை குறுக்கிட்டாலும் போதும். அதன் கீழே பாறையோ ஆறோ இருப்பின் ஒரு சறுக்கல் உயிரைக் கொண்டுபோய்விடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. காலுக்குரிய இரும்பைப் பனிமேல் நிற்கும்போது தேடிப் பயனில்லை. பசும்புல் நிறைந்த அடிவாரத்தில், பனியே கண்ணில் படாத இடத்தில், மூட்டை கட்டும்போதே அதை எடுத்து வைக்க வேண்டும். சுமப்பதா, விட்டுச் செல்வதா என்னும் முடிவு அங்கேயே எடுக்கப்பட்டு விடுகிறது. ஐயாயிரம் ஆண்டு மலைப்பயண வரலாற்றை இந்த ஒரு முடிவின் வழியாகவே நோக்கலாம் என்பது என் கருத்து.

ஐயாயிரம் ஆண்டு என்றது மிகையன்று. 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், ஆஸ்திரியாவும் இத்தாலியும் எல்லை கூடும் ஓட்ஸ்டால் மலைப்பகுதியில், 3,210 மீட்டர் உயரத்தில், உருகிய பனியினூடே ஒரு மனித உடல் வெளிப்பட்டது. ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவனின் உடல் அது என்று ஆய்வாளர் கண்டனர். ‘ஓட்சி’ என்று அவனுக்குப் பெயரிட்டனர். அவன் குடலில் காணப்பட்ட மரப் பூந்தாது அவன் இறந்த பருவத்தைக் காட்டிக் கொடுத்தது. அது வசந்தம் கழிந்து கோடை தொடங்கும் காலம். நாம் பேசும் பருவமே அது. அவன் பனியில் வழுக்கி இறக்கவில்லை. அவனுடைய இடத் தோளில் ஓர் அம்புமுனை தைத்திருந்ததை 2001ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அக்கொலையின் கதை தனியே ஒரு பேச்சுக்கு உரியது. நமக்கு வேண்டியது அவனுடைய காலணி.

அக்காலணியின் அடிப்பாகம் கரடித் தோல்; மேற்பாகம் மான் தோல். உள்ளே மரநாரால் பின்னிய வலை. அவ்வலைக்குள் குளிர் தாக்காதபடி திணித்த உலர்ந்த புல். அடித்தோலின் குறுக்கே ஒரு தோல்வார் கட்டப்பட்டிருந்தது. எதற்காக? வழுக்காமல் இருப்பதற்காகவே. மழை நாளில் நம் ஊர்க் களிமண் வரப்பில் நடப்பவர் கால்விரலை ஊன்றி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரல் செய்யும் அவ்வேலையை அந்த வார் செய்தது. செக் நாட்டுக் காலணித் துறைப் பேராசிரியர் ஒருவர் அதே பொருள்களைக் கொண்டு அதே முறையில் காலணி செய்து மலையில் நடந்து பார்க்கச் செய்தார்; அது நன்றாகவே பற்றிப் பிடித்தது என்பது முடிவு. ஓட்சியின் மூட்டையும் கருதத் தக்கது. முதுகில் சுமக்கும் மரச்சட்டம், செப்புக் கோடரி, மேப்பிள் இலையில் பொதிந்த தழலை வைத்துக்கொள்ளும் மரப்பட்டைக் கலம் ஆகியவை அவனிடம் இருந்தன. மேலே என்ன நேரும் என்பதைக் கீழேயே எண்ணிப் பார்த்துக் கட்டிய மூட்டை அது.

அவனுக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 218இல், கார்த்தேஜ் நகரத்துத் தளபதி ஹானிபல் யானைகளோடும் பெரும்படையோடும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்ததை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாடநூல்கள் யானைகளோடு நின்றுவிடுகின்றன. தாமே அம்மலையைக் கடந்து பார்த்து எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், அப்படை இறங்கும்போது பட்ட பாட்டை நுணுக்கமாகக் கூறுகிறார். முந்திய குளிர்காலத்திலிருந்து கோடை முழுதும் கரையாமல் கிடந்த பழம்பனியின் மேல் புதுப்பனி விழுந்திருந்தது. கால் புதுப்பனியைத் துளைத்துச் சென்று அடியிலிருந்த கெட்டிப் பனியில் பட்டதும் வீரர்கள் இரு காலும் ஒருங்கே சறுக்கி விழுந்தனர். எழுவதற்குக் கையையும் முழங்காலையும் ஊன்றியபோது அவையும் சறுக்கின. உரோமாபுரியை நடுங்க வைத்த படை, மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்னும் வேறுபாட்டின் முன் நிலைகுலைந்தது. படையின் காலடியைப் பற்றி எந்த ஆயத்தமும் இருந்ததாக அவர் எழுதவில்லை.

மலைவாழ் எளிய மக்களிடம் அந்த ஆயத்தம் இருந்தது. இன்றைய துருக்கியின் வடபகுதியில் பிறந்து, கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த நிலநூலார் ஸ்டிராபோ, காக்கசஸ் மலைமக்களைப் பற்றி எழுதுகிறார்: முடிகள் குளிர்காலத்தில் ஏற இயலாதவை; கோடையில் அம்மக்கள் பதப்படுத்தாத எருதுத் தோலால் முரசு போல அகலமாகச் செய்து கூர்முட்கள் பொருத்திய காலணிகளைக் கட்டிக்கொண்டு ஏறுகின்றனர்; இறங்கும்போது சுமைகளுடன் தோலின்மேல் அமர்ந்து சறுக்கியே வந்துவிடுகின்றனர். ஆர்மீனியப் பகுதியில் முள் பதித்த மரத்தட்டுகளைச் செருப்பின் அடியில் கட்டினர் என்றும் அவர் சேர்த்துரைக்கிறார். ‘கோடையில்’ என்று அவர் குறித்திருப்பதைக் கவனியுங்கள். அகலமான தோல், மென்பனியில் புதையாமல் தாங்குவதற்கு. கூர்முள், கெட்டிப் பனியில் ஊன்றுவதற்கு. காலைப் பனிக்கும் மாலைப் பனிக்கும் ஒரே காலணியில் விடை கண்ட அந்தக் கைவினைஞர் யாரென்று எந்த நூலும் சொல்லவில்லை.

முள்ளின் வேலை எளிய இயற்பியல். வழவழப்பான அடித்தோல் உடலின் எடையைப் பரந்த இடத்தில் பரப்பி விடுகிறது. பனியின்மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலம் அதை வழுக்க விடுகிறது. அதே எடை பத்து முனைகளில் மட்டும் இறங்கினால் ஒவ்வொரு முனையும் பனியைத் துளைத்து உள்ளே செல்கிறது. அப்போது காலை நிறுத்துவது உராய்வு அன்று. மரத்தில் அடித்த ஆணி நிற்பது போன்ற நிலை.

1574ஆம் ஆண்டில் சூரிச் நகரத்து இறையியல் பேராசிரியர் யோசியாஸ் சிம்லர் ஆல்ப்ஸ் மலையைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். மலைப்பயணிகள் கட்டிக்கொள்ளும் கூர்முள் இரும்பு, இரும்புப் பூண் போட்ட ஊன்றுகோல், வெடிப்புள்ள பனியாற்றில் ஒருவரோடொருவர் பிணைத்துக்கொள்ளும் கயிறு, கண் கூசாமல் இருக்கக் கருங்கண்ணாடி ஆகிய அனைத்தும் அதில் சொல்லப்பட்டுள்ளன. மலையேற்றம் ஒரு விளையாட்டாகத் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கருவிகள் அனைத்தும் ஆயத்தமாக இருந்தன என்பது இதனால் விளங்கும். ஆல்ப்ஸில் மலையாடு வேட்டையாடியவரும், செங்குத்தான சரிவில் புல்லறுத்தவரும் உள்ளங்காலின் நடுவில் நான்கு கூர்கள் கொண்ட இரும்பைக் கட்டி வந்தனர்.

விந்தை என்னவெனில், செல்வர்கள் பொழுதுபோக்காக மலையேறத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில் அக்கருவி மதிப்பிழந்தது. 1857இல் இலண்டனில் ஆல்பைன் கிளப் தோன்றியது. அதைச் சார்ந்தவருட் பலர் கால் இரும்பை உழவனின் கருவி என்றும், வீரத்துக்கு இழுக்கு என்றும் கருதினர். அவர்கள் அணிந்தது அடியில் ஆணி அடித்த தடித்த பூட்ஸ். ஆணிகள் பாறைக்கு நல்லவை. கெட்டிப் பனிச் சரிவுக்குப் போதா. ஆகவே வழிகாட்டி முன்னே நின்று பனிக்கோடரியால் ஒவ்வொரு படியாக வெட்ட வேண்டியிருந்தது. பின்னே வரும் சீமான் படியில் கால் வைத்து ஏறுவார். மணிக்கணக்காக வெட்டியவருடைய தோள்வலியைப் பற்றி அக்காலப் பயணநூல்களில் அதிகம் காண்பதற்கில்லை. வீரத்துக்கு இழுக்கு என்று சொன்னவர் தம் கையால் படி வெட்டியிருப்பின் வேறு விதமாகப் பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்நிலையை மாற்றியவர் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் என்னும் ஆங்கிலேயர். இரயில்வேப் பொறியாளர், 1902இல் கே-2 முடியை அடைய முயன்ற குழுவின் தலைவர். இரும்பு எவ்வாறு வளையும், எங்கே முறியும் என்பது அவருக்குத் தொழில்முறையில் தெரிந்திருந்தது. பூட்ஸின் அடி முழுதையும் தழுவுமாறு பத்துக் கூர்கள் கொண்ட ஒரு சட்டத்தை வகுத்து, 1908இல் அதன் அமைப்பை ஓர் ஆஸ்திரிய மலையேற்ற இதழில் வெளியிட்டார். இக்கருவியையே ‘கிராம்பான்’ என்று வழங்குகிறோம். மோன் பிளாங்கின் இத்தாலியப் பக்கத்தில் உள்ள கூர்மயர் என்னும் சிற்றூரில், உழவுக் கருவிகள் வடித்துவந்த கொல்லர் குடும்பத்து ஹென்றி கிரிவெல் அதைச் செய்து கொடுத்தார். 1912இல் அவ்வூரை அடுத்த பிரென்வா பனியாற்றில் வழிகாட்டிகளுக்குக் கிராம்பான் போட்டியே நடந்தது. பாதத்தைச் சரிவோடு சரிவாகப் படிய வைத்துப் பத்துக் கூரும் ஒருங்கே ஊன்றுமாறு கணுக்காலை வளைத்து நடப்பது எக்கன்ஸ்டைன் முறை. 1929இல் ஹென்றியின் மகன் லோரான் கிரிவெல், முன்பக்கம் நீண்ட இரு கூர்களைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கினார். அதனால், படி வெட்டாமலே பனிச்சுவரில் கால்நுனியைக் குத்தி ஏணியில் ஏறுவது போல ஏற முடிந்தது.

அவ்விரண்டு கூர்களின் மதிப்பு 1938 ஜூலையில் வெளிப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடசுவர் அதுவரை எவராலும் ஏறப்படாதது. முயன்றவர் பலரைக் கொன்றது. ஆஸ்திரியர் இருவர் முதலில் அதன்மேல் ஏறிச் சென்றனர். ஃபிரிட்ஸ் காஸ்பரெக்கிடம் பத்துக் கூர் கிராம்பான் இருந்தது. ஹைன்ரிக் ஹாரரிடம் கிராம்பானே இல்லை. ஆணி அடித்த பூட்ஸ் மட்டுமே. இச்சுவர் பெரும்பாலும் பாறைதானே, இடையிடையே உள்ள பனிக்காக ஏன் இந்த எடை என்று அவர்கள் கீழேயே கணக்கிட்டுவிட்டனர். சுவரின் நடுவே பரந்து கிடந்த பனிவெளிகளில் காஸ்பரெக் ஓயாமல் படி வெட்ட நேர்ந்தது. அடுத்த நாள் ஜெர்மானியரான ஹெக்மயரும் ஃபோர்க்கும் பன்னிரண்டு கூர் கிராம்பானுடன் கிளம்பி, வெட்டிய படிகளின் வழியே விரைந்து அவர்களை எட்டிப் பிடித்தனர். முன்னவர் நெடுநேரம் உழைத்துக் கடந்ததைப் பின்னவர் சிறு பொழுதில் கடந்தனர். நால்வரும் ஒரே கயிற்றில் பிணைந்து, ஹெக்மயர் முன்செல்ல, ஜூலை 24ஆம் நாள் முடியை அடைந்தனர். கூர் இல்லாத காலுடன் ஹாரர் இறுதியில் வந்தார். நாத்சி அரசு அவ்வெற்றியைத் தன் வெற்றியாகக் கொண்டாடிக்கொண்டது. அந்த ஆரவாரத்தில் நமக்கு வேலையில்லை. ஹாரர் பின்னர் இமயத்துக்கு வந்து, போர்க் கைதியாக டேராடூனில் அடைபட்டு, 1944இல் தப்பித் திபெத்துக்குச் சென்றவர். அக்கதை உங்களில் சிலர் அறிந்ததே.

ஹாரருக்குத் துணைவர் இருந்தனர்; தப்பினார். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் புந்தா ராசிகா என்னும் முடிக்குச் சென்ற குழுவினர் அத்தகைய பேறு பெறவில்லை. ஆணி அடித்த கனத்த பூட்ஸ் நடைக்கு. இலேசான மெத்தடிச் செருப்பு பாறைக்கு என்பது அக்கால வழக்கம். எனவே பாறை தொடங்கும் இடத்தில் பூட்ஸைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினர். திடீரெனப் பனிப்புயல் சூழ்ந்தது. பாறை முழுதும் பனிக்கட்டி படிந்தது. மெத்தடிச் செருப்பு அதில் நிற்கவில்லை, குளிரையும் தாங்கவில்லை. கழற்றி வைத்த பூட்ஸை எட்ட முடியாமல் அறுவர் இறந்தனர். உயிர் பிழைத்த விட்டாலே பிரமானி, பாறைக்கும் பனிக்கும் பொதுவான ஓர் அடிப்பாகம் செய்ய இயலாதா என்று சிந்தித்தார். டயர் தொழிலில் பெயர் பெற்ற பிரெல்லியின் துணையோடு, ஆழ்ந்த வரிகளும் முகடுகளும் கொண்ட ரப்பர் அடியை ஆக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘விப்ராம்’ என அதற்குப் பெயரிட்டார். இன்று நம் நாட்டுக் கடைகளில் விற்கும் மலைநடைக் காலணிகளின் அடியில் காணும் வரிகளும் அதன் வழிவந்தவையே.

எனினும் ரப்பர் இரும்பாகிவிடாது. நனைந்த பாறையிலும் மண்ணிலும் மென்பனியிலும் அது நன்றாகப் பற்றும். விடியற்காலைக் கெட்டிப் பனியில் வழுக்கும். மறுபுறம், பூட்ஸில் அடித்த ஆணிகள் குளிரை உள்ளே கடத்தும். கிராம்பானின் வாரை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் இரத்த ஓட்டம் குன்றி விரல்கள் உறையும். 1924இல் எவரெஸ்டில் மறைந்த மாலரியின் உடல் 1999இல் கிடைத்தபோது காலில் இருந்தது ஆணி அடித்த தோல் பூட்ஸ். அவருடைய துணைவர் இர்வினின் பெயர் தைத்த காலுறையும் பூட்ஸும் 2024இல் ரோங்பக் பனியாற்றில் வெளிப்பட்டன. 1953 மே 29 காலையில், ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்துக் கூடாரத்தில், ஹில்லரி கழற்றி வைத்திருந்த பூட்ஸ் கல்லாக உறைந்துவிட்டது. அடுப்பில் வாட்டி நெகிழ்விக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. டென்சிங் பூட்ஸைக் கழற்றாமலே உறங்கியிருந்தார். பின்னர் இருவரும் கிராம்பான் பூட்டிக்கொண்டு 6.30 மணிக்குப் புறப்பட்டனர். உறங்கும்போதும் காலைப் பற்றிய நினைவு நீங்காதவராக டென்சிங் இருந்தது, இமயத்தில் வளர்ந்தவருக்கு இயல்பான ஒன்றே. மறு ஆண்டு டார்ஜிலிங்கில் தோன்றிய இமய மலையேற்றப் பயிற்சிக் கழகத்தில் அவரே களப்பயிற்சிக்குத் தலைவரானார்.

நம் கல்லூரி மாணவர்கள் பலர் இந்நாளில் மே, ஜூன் விடுமுறையில் உத்தரகண்டத்துக்கும் இமாசலத்துக்கும் மலைநடை செல்கின்றனர். அவர்கள் பொருட்டுச் சிலவற்றைச் சொல்வது என் கடமை. இரயில் ஏறும்போது இங்கே கத்திரி வெயில். ஆகவே பையின் எடையைக் குறைக்க எதை எடுத்தெறியலாம் என்று மனம் தேடும். ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு கூர்களும் கோத்து, எந்தக் காலணியின் மேலும் இழுத்து மாட்டக்கூடிய கருவி ஒன்று இப்போது கிடைக்கிறது, மைக்ரோஸ்பைக் என்பர். ஓர் இணை ஏறக்குறைய 400 கிராம். தாழ்வான சரிவில் குறுக்கிடும் பனிப்பட்டைகளுக்கு அது போதும். செங்குத்தான சரிவுக்கு அது ஆகாது. அங்கே உருக்கு கிராம்பானும் பனிக்கோடரியும் வேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். உருக்கு கிராம்பான் ஓர் இணை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வளையும் அடியுள்ள ஓட்டக் காலணியில் அதைப் பூட்டினால் நடுவழியில் கழன்று விழும். விறைப்பான அடியுள்ள பூட்ஸ் தேவை. வீட்டிலேயே காலணியோடு மாட்டிப் பார்த்து அளவு சரி செய்துகொள்ள வேண்டும். விறைத்த விரல்களால் மலையில் திருகாணி திருக முடியாது.

கருவி இருந்தாலும் காலம் அறிய வேண்டும். நண்பகலுக்குப் பின் நெகிழ்ந்த பனி கூர்களின் இடையே ஒட்டித் திரண்டு உருண்டையாகிவிடும். அப்போது கூர் பனியைத் தொடுவதே இல்லை. கால் மரக்கட்டையின் மேல் நிற்பது போலாகிவிடும். கோடரிக் காம்பால் பூட்ஸைத் தட்டி அதை உதிர்த்துக்கொண்டே நடப்பார்கள். ஓடையின் மேல் பாலம் போலக் கிடக்கும் பனி காலையில் தாங்கும். மாலையில் உள்ளே உருகி மெலிந்திருக்கும். எந்த இரும்பும் அங்கே உதவாது. அதனால்தான் கணவாய் கடக்க வேண்டிய நாளில் வழிகாட்டிகள் விடியுமுன் எழுப்பிவிடுகின்றனர். தூக்கக் கலக்கத்தில் அவர்களை நொந்துகொள்வது மாணவர் வழக்கம்.

பையில் அதை எங்கே வைப்பது என்பதும் ஒரு செய்தி. கூர்கள் துணியைக் கிழிக்காமல் ஓர் உறையில் இட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். பனிச்சரிவின் நடுவே நின்று ஒற்றைக்காலில் மாட்டுவதற்கு இடமிராது. சரிவு தொடங்குமுன், காய்ந்த கல்லின்மேல் அமர்ந்து, அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.